கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கலாமா? எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் மர்பி டவுன் பக்கம் இருக்கிறேன். வயது 17. இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாவது, பி.சி.எம்.சி. பிரிவு. அதாவது இயற்பியல், வேதியியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். பிள்ளைகளும், அவர்களைக் கூப்பிட வருகிற அம்மா, அப்பா, பாட்டிகளும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. வாசலில் நின்று அவசரமாகச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

எல்லாப் பதிலுக்கும் அடியில் இருக்கிற எண்ணம் ஒன்றுதான். ஒரு மெஷின் நம்மைப் பற்றி ஒரு முடிவு சொன்னால், ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்க வேண்டுமானால் அது வேலை செய்யும் விதம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அதைப் பிள்ளை வயதிலேயே, பயமில்லாமல் கற்றுக்கொண்டுவிடலாம்.

பிள்ளைக்கு லேப்டாப் வாங்கணும் கண்ணு. எவ்வளவு ஆகும்? எது வாங்கலாம்?

புதிது வேண்டாம் ஆன்ட்டி. கம்பெனிகள் சில வருடம் பயன்படுத்திவிட்டுக் கழிக்கிற லேப்டாப்புகள் எஸ்.பி. ரோட்டில் நிறையக் கிடைக்கும். டவுன் ஹாலுக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் இருக்கிற சதர் பத்ரப்பா ரோடுதான் அது. 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் படிக்கிற பிள்ளைக்குப் போதுமானது அமைந்துவிடும். 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. டிஸ்க், இந்த இரண்டும் இருக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது விலை குறைய இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப்பும் வேண்டும் என்கிறார்கள். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களைப் பல ஆபீஸ்கள் ஒதுக்குகின்றன. மெஷின் கெட்டுப்போகவில்லை, அதற்கான அனுமதிதான் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் அவை இன்னும் பல வருடம் உழைக்கும்.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கொண்டு போங்கள். என்னிடம் இருக்கிறது, தருகிறேன். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அந்தப் பென் டிரைவிலிருந்தே மெஷினை ஆரம்பிக்கலாம். உள்ளே இருக்கிற டிஸ்க்கைத் தொடாமலே வைஃபை எடுக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, கேமரா ஓடுகிறதா என்று பார்த்துவிட முடியும். கீபோர்டில் ஒவ்வொரு கீயையும் அழுத்திப் பாருங்கள். மூடியைத் திறந்து மூடும்போது கீல் கரகரவென்றால் வேண்டாம். விண்டோஸ் ஆரம்பிக்கும் முன் வருகிற பயாஸ் என்கிற செட்டிங்ஸுக்குள் போகும்போது பாஸ்வேர்டு கேட்டால் கண்டிப்பாக வேண்டாம், அது பழைய கம்பெனி போட்ட பூட்டு. பில் வாங்காமல் கிளம்பாதீர்கள். இதையெல்லாம் முகம் சுளிக்காமல் அனுமதிக்கிற கடைக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குங்கள்.

லினக்ஸ்னா என்ன அக்கா? விண்டோஸ் இல்லாம கம்ப்யூட்டர் ஓடுமா?

ஓடும். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை சாஃப்ட்வேர்தான் லினக்ஸ். உன் அப்பா வைத்திருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். உலகத்தின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸில் ஓடுகின்றன. 1991-ல் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஆரம்பித்தபோது அவருக்கு 21 வயது. அதற்கு முன்பே, 1983-ல், ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்துவிட்டார். ஒரு சாஃப்ட்வேரை யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்கும் கொடுக்கலாம் என்பது அவர் வைத்த கொள்கை.

காசு கொடுக்க வேண்டாம் என்பதால்தான் பலர் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ‘படிக்கலாம்’ என்பது. கால்குலேட்டர் எப்படிப் பெருக்குகிறது என்று உனக்குச் சந்தேகம் வந்தால், அதன் மூல நிரலை இறக்கிப் படித்துவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கும் பெரிய கம்பெனி என்ஜினியருக்கும் அங்கே ஒரே உரிமை.

பக்கத்து மாநிலங்களில் இது புதிதல்ல. கேரள அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில் நடக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் கொடுத்த இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கியது சென்னை சி-டாக். கிருஷ்ணகிரியில் இருக்கிற என் மாமா பையனுக்கு அப்படி வந்த லேப்டாப்பில்தான் நான் முதன்முதலில் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பார்த்தேன்.

ப்ரோக்ராம் எழுத முதலில் எந்த லேங்குவேஜ் கத்துக்கணும்?

பைத்தான். பதினொன்றாவது, பன்னிரண்டாவது என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. அதற்கு மேல் இதில் யோசிக்க வேண்டாம். ஒன்றில் நன்றாகப் பழகியவர்களுக்கு அடுத்தது சீக்கிரம் வரும். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, ஆறு மாதத்தில் ஆறு லேங்குவேஜ் என்று போர்டு வைத்திருக்கிற இடத்தில் தயவுசெய்து சேராதே.

‘அல்சூர்’னு நாலு எழுத்துதானே? பைத்தான் ஏன் ஏழுன்னு சொல்லுது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. கேட்ட தம்பிக்கு எட்டாவது வகுப்பு.

நாம் எண்ணினால் அ, ல், சூ, ர், நான்கு எழுத்து. பைத்தானில் நீளத்தை எண்ணுகிற ‘லென்’ கட்டளையைப் போட்டால் 7 வரும். காரணம், கம்ப்யூட்டருக்குள் தமிழ் எழுத்துகள், எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுக்கிற யூனிகோட் முறையில் இருக்கின்றன. அதில் தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கிடையாது. அகரமேறிய ‘ல’-வுக்கு ஒரு எண், புள்ளிக்கு இன்னொரு எண். இரண்டும் சேர்ந்தால்தான் ‘ல்’. அதே மாதிரி ‘சூ’ என்பது ச-வும் ஊகாரக் குறியும். ஆக அ, ல, புள்ளி, ச, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஏழு. யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 21. இதே ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 6 பைட்டில் முடிந்துவிடும்.

இப்போது அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பார். முதலில் ஒரு புள்ளி, எதன் தலையிலும் உட்காராமல் அந்தரத்தில் நிற்கும். அதன் பின்னால் ரூ, ச், ல, அ என்று சம்பந்தமில்லாத எழுத்துகள் வரும். ‘ர்சூல்அ’ என்று சரியாக வர வேண்டுமானால் நீயே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, புள்ளியும் உயிர்க்குறியும் எந்த எழுத்தோடு ஒட்டுகின்றன என்று சொல்லித் தர வேண்டும். எங்கள் வகுப்பில் எல்லோரும் எழுதுகிற முதல் நிஜமான ப்ரோக்ராம் இது.

இது வெறும் விளையாட்டுக் கணக்கு இல்லை. 1991-ல் வந்த யூனிகோட், நம் மொழிகளுக்கான அமைப்பை ஐ.எஸ்.சி.ஐ.ஐ. என்ற இந்தியத் தரத்தை ஒட்டி எடுத்துக்கொண்டது. அந்தத் தரம் பல இந்திய மொழிகளுக்கும் ஒரே அமைப்பை வைத்தது. அன்றைக்கு ஒரு மேஜையில் எடுத்த முடிவு, இன்றைக்கு மர்பி டவுனில் ஒரு தம்பியின் திரையில் ஏழாக வந்து நிற்கிறது. எஸ்.எம்.எஸ்.கூட அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழில் அடித்தால் 70 தான். இதை யார் முடிவு செய்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்கப் பழகு. பதில் எப்போதும் எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

தமிழில் டைப் அடிக்கவும் கற்றுக்கொள். தமிழ்99 விசைப்பலகை 1999-ல் வந்தது, லினக்ஸிலேயே இருக்கிறது. உயிரெழுத்து ஒரு பக்கம், மெய் இன்னொரு பக்கம். கொஞ்ச நாளில் கை பழகிவிடும்.

ஸ்கூல்ல கம்ப்யூட்டர்ல நல்ல மார்க் வருது. ஆனா சொந்தமா ஒரு ப்ரோக்ராம் எழுத வரலையே?

இது பிள்ளைகளின் குறை இல்லை அங்கிள். பன்னிரண்டாம் வகுப்புக்கான என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்டாக், க்யூ, சார்ட்டிங், எஸ்.க்யூ.எல்., நெட்வொர்க், பாதுகாப்பு என்று அருமையான பாடங்கள் இருக்கின்றன. புத்தகத்தில் குற்றமே இல்லை. நடத்துகிற விதத்தில்தான் எல்லாம் போகிறது. ரெக்கார்டு நோட்டில் ப்ரோக்ராமை எழுதச் சொல்வார்கள். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவோம். இடது பக்கம் அவுட்புட்டைப் பென்சிலில் வரைவோம். அந்த ப்ரோக்ராமை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தோமா என்று யாரும் கேட்பதில்லை. நான் முன்பு படித்த பள்ளியில் லேப் சாவி ஆபீஸ் அறையில் இருக்கும். வைரஸ் வந்துவிடும் என்று பென் டிரைவுக்குத் தடை, கெட்டுவிடும் என்று செட்டிங்ஸைத் தொடத் தடை. கெட்டால்தானே சரிசெய்யக் கற்றுக்கொள்வோம்?

பேப்பரில் கோட் எழுதுவதை நான் எதிர்க்கவில்லை. ஒரு பட்டியலை, பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு இடம் மாற்றுகிற பப்பிள் சார்ட் முறையில் ஒவ்வொரு சுற்றாகக் கையால் வரிசைப்படுத்திப் பார்த்தால் வருகிற தெளிவு வேறு எதிலும் வராது. ஜோனல் இன்ஃபர்மேடிக்ஸ் ஒலிம்பியாட் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதற்கு ப்ரோக்ராமிங்கே தெரிந்திருக்க வேண்டாம், பேப்பரும் பென்சிலும் யோசனையும் போதும். அதில் ஆரம்பித்து மேலே மேலே போனால் 1989 முதல் நடக்கிற சர்வதேச ஒலிம்பியாட்டில் இந்தியா சார்பில் உட்காரலாம். நம் தெருப் பிள்ளைகளில் யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

பள்ளிகளிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாரத்தில் ஒரு மணி நேரம் லேப்பைத் திறந்து வையுங்கள். பாடம் வேண்டாம், மார்க் வேண்டாம். மேற்பார்வைக்கு ஒரு டீச்சர் இருக்கட்டும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

ஜே.இ.இ. கோச்சிங் சேர்க்கலாமா?

உங்கள் வசதி, பிள்ளையின் விருப்பம் இரண்டையும் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜே.இ.இ. என்கிற இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம்தான். கம்ப்யூட்டர் சயின்ஸில் ஒரு கேள்விகூடக் கிடையாது. கம்ப்யூட்டர் மேல் உயிராக இருந்த என் நண்பர்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்குவதற்காகவே இரண்டு வருடம் கம்ப்யூட்டரைத் தொடாமல் இருக்கிறார்கள். விடிவதற்கு முன் பஸ் ஏறுகிறார்கள், இருட்டிய பிறகு வருகிறார்கள். கோச்சிங் சேர்த்தாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை மட்டும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

சாட்ஜிபிடி எல்லாம் எழுதிக் கொடுக்குதே. இனிமே எதுக்குக் கத்துக்கணும்?

சரி, ஒரு சோதனை செய்து பார். ஏதாவது ஒரு விஷயத்தைச் சொல்லி அதைப் பற்றித் திருக்குறள் ஒன்று தரச் சொல். சில சமயம் சரியான குறள் வரும். சில சமயம் குறள் மாதிரியே ஓசையோடு, இரண்டு அடியில், 1330-இல் எங்கேயும் இல்லாத ஒன்று வரும். எண்ணையும் அதிகாரத்தையும்கூடச் சேர்த்துத் தரும். பாட்டியிடம் படித்துக் காட்டினால் ‘இது வள்ளுவர் சொன்னதில்லையே’ என்பார்.

ஏன் இப்படி? இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுப் போட்டுத்தான் அது வாக்கியம் கட்டுகிறது. அந்தக் கணக்கு எத்தனையோ வேலைக்கு உண்மையிலேயே உதவுகிறது. நானே தினமும் பயன்படுத்துகிறேன். எரர் மெசேஜ் புரியாதபோது, நீளமான ஆங்கிலக் கட்டுரையைச் சுருக்க வேண்டியபோது, அதைவிடப் பொறுமையான துணை கிடைப்பது கஷ்டம். ஆனால் அது சொல்வது சரியா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தத் துணை. பாட்டிக்குக் குறள் தெரியும், அதனால் பொய்க் குறளைக் கண்டுபிடித்தார். கோட் தெரிந்தால்தான் பொய்க் கோடைக் கண்டுபிடிக்க முடியும்.

எங்கள் வகுப்பில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறோம். முதலில் நீயே எழுது. சிக்கினால் கேள். வாங்கிய பதிலை வரிவரியாக மற்றவர்களுக்குச் சத்தமாக விளக்கு. விளக்க முடியாத வரியை அழித்துவிடு.

ஹேக்கிங் தெரியுமா அக்கா? ஒரு பொண்ணோட இன்ஸ்டா ஐடி ஓபன் பண்ணித் தர்றியா?

மாட்டேன். பக்கத்து வீட்டு வைஃபைக்கும் அதே பதில்தான். அடுத்தவர் கணக்கிலோ மெஷினிலோ அனுமதி இல்லாமல் நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி குற்றம். 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். சட்டம் இருக்கட்டும், ஒரு பெண்ணின் மெசேஜ்களைத் திருட்டுத்தனமாகப் படிக்க நான் உதவ மாட்டேன்.

பாதுகாப்புத் துறை உண்மையில் பிடித்திருந்தால் பிகோசிடிஎஃப் போட்டியில் சேர். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்துவது, இலவசம். உடைத்துப் பார்க்கவே கட்டி வைத்த புதிர்கள் அங்கே இருக்கின்றன. எந்த இணையதளத்திலாவது தற்செயலாக ஓட்டையைப் பார்த்துவிட்டால் அதற்குள் நோண்டாமல், கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கிற மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கலாம்.

போலீஸ்னு சொல்லி வீடியோ காலில் மிரட்டுறாங்கம்மா.

கட் செய்யுங்கள் பாட்டி. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். வெட்கப்பட வேண்டாம், படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

எந்த வயசுல போன் கொடுக்கலாம்? பிள்ளை போன்ல என்ன பண்றான்னு பார்க்க ஆப் இருக்காமே?

வயது சொல்ல எனக்கு அனுபவம் போதாது. இன்ஸ்டாகிராமே 13 வயது ஆகாதவர்களுக்குக் கணக்கு கிடையாது என்கிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுத்து, அவர்கள் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

அந்த வேவு பார்க்கும் ஆப்பை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்குத் தெரியாமல் போட்டால், தெரிய வருகிற நாளில் உங்கள் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும். அதற்கப்புறம் உண்மையிலேயே ஆபத்து வந்தாலும் உங்களிடம் சொல்ல வர மாட்டார்கள். என் வகுப்புத் தோழிகளிடம் இதை நேரில் பார்த்திருக்கிறேன். போனை ஹாலில் சார்ஜ் போட வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வெளிப்படையாக விதி வையுங்கள். அதே விதி உங்களுக்கும் இருக்கட்டும். அப்படி இருந்தால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அந்தரங்கம் என்றால் எதையோ மறைப்பது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைப் போட்ட கே.எஸ். புட்டசாமி நம்ம பெங்களூர்க்காரர், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2012-ல் வழக்குத் தொடுத்தபோது அவருக்கு 86 வயது. அந்த வயதில் ஒருவர் ஆதாரைப் பற்றிக் கேள்வி கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார் என்பதை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன்.

ரேஷன் சொசைட்டியில கைரேகை விழ மாட்டேங்குது. என்ன பண்றது?

என் பாட்டி பல வருடம் வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டியவர். பலகையில் உருட்டி உருட்டி விரலில் ரேகை மழுங்கிவிட்டது. சொசைட்டியில் அந்தச் சின்ன மெஷினில் கட்டைவிரலை வைப்பார், ஏற்காது. ஆள்காட்டி விரல், மறுபடியும் ஏற்காது. ‘நாளைக்கு வாங்கம்மா’ என்பார்கள். ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெறும் பையோடு திரும்பி வருவார்.

அவருக்கு நான் சொல்லிப் புரியவைத்ததை இங்கேயும் சொல்கிறேன். அந்த மெஷின் விரலைப் படமெடுத்து, ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறது. ஆதாரில் பதிவான புள்ளிகளோடு அவை எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று ஒரு மதிப்பெண் போடப்படுகிறது. மதிப்பெண் ஒரு எல்லைக்கு மேல் இருந்தால் ‘ஆம்’, கீழே இருந்தால் ‘இல்லை’. எல்லையை உயர்த்தினால் வேறு ஆள் ஏமாற்றுவது குறையும், பாட்டி மாதிரி உண்மையான ஆட்கள் திரும்பிப் போவது கூடும். தாழ்த்தினால் இது தலைகீழாகும். எல்லையை எங்கே வைப்பது என்று மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே ‘பொருந்தவில்லை’ என்று மெஷின் சொல்வது பாட்டியைப் பற்றிய உண்மை கிடையாது. ஒரு மதிப்பெண், ஒரு எல்லை, அவ்வளவுதான். பாட்டி அவமானப்பட அதில் ஒன்றுமே இல்லை.

இனி செய்ய வேண்டியவை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பாருங்கள். எல்லா விரலும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. ஆதார் மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்கலாம். மொபைல் எண்ணை ஆதாரோடு இணைத்து வைத்தால் ஓ.டி.பி. வழி இருக்கிறதா என்று கடையில் கேட்கலாம். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை புதுப்பிக்க வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள்.

எதுவும் நடக்கவில்லையென்றால் வெறும் கையோடு வராதீர்கள். கைரேகை பொருந்தவில்லை என்ற காரணத்தால் யாருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாது, பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு உத்தரவு அனுப்பியிருக்கிறது. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும். மனுவைக் கன்னடத்தில் எழுதித் தர நான் வருகிறேன். ஆதாரின் தொழில்நுட்ப மையம் இருப்பது இதே பெங்களூரில்தான். அந்த ஊரில் ஒரு பாட்டி அரிசிக்காக மூன்று நாள் நடப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

ஐ.டி. கம்பெனியில வேலை கிடைச்சிடுமா?

கிடைக்கலாம். ஆனால் வேலை என்ற ஒன்றுக்காக மட்டும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அதோடு, இந்த ஊரின் கம்ப்யூட்டர் கதை ஐ.டி.யில் ஆரம்பித்தது கிடையாது. விமானம் செய்கிற எச்.ஏ.எல். 1940, டெலிபோன் செய்த ஐ.டி.ஐ. 1948, மின்னணுக் கருவிகள் செய்கிற பி.இ.எல். 1954. அந்தத் தொழிற்சாலைகளில் திருகு முடுக்கியவர்களில் நம் தாத்தாக்களும் இருந்தார்கள். 1983-ல் இன்ஃபோசிஸ் இங்கே வந்தது, 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது. கையால் வேலை செய்யத் தெரிந்த ஊர் என்பதால்தான் இதெல்லாம் இங்கே வேர்விட்டது என்று நான் நம்புகிறேன்.

என் அப்பா கேப் ஓட்டுகிறார். அவருக்கு மேனேஜர் என்று ஒரு மனிதர் கிடையாது, ஆப்தான். எந்த சவாரி யாருக்குப் போகும், எவ்வளவு கிடைக்கும், யாருடைய ஐ.டி. முடங்கும் என்பதை அதுதான் சொல்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. 2025-ல் கர்நாடகம் இப்படி ஆப் மூலம் வேலை செய்கிறவர்களுக்காகச் சட்டம் கொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு சவாரிக்கும் டிரைவருக்குக் கொடுக்கிற தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நலநிதிக்குக் கம்பெனி கட்ட வேண்டும். காரணத்தைச் சொல்லி 14 நாள் முன்கூட்டியே தெரிவிக்காமல் வேலையை விட்டு எடுக்கக் கூடாது. தானாக முடிவெடுக்கும் அமைப்பு தொழிலாளியை எப்படிக் கண்காணிக்கிறது, எப்படி முடிவு செய்கிறது என்பதையும் அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிக முக்கியமாகத் தெரிகிறது. அப்பாவின் போனில் இருக்கிற சட்டக் குறிப்பை நானும் அவரும் சேர்ந்துதான் படித்தோம். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்கும் அவர் விளக்குகிறார்.

பெண் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா?

தேவை. என் வகுப்பில் பெண் பிள்ளைகள் நின்றுபோவது பாடம் புரியாததால் இல்லை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால். தம்பியையும் தூக்கிக்கொண்டு வரட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கன்னட ஊர்ல இருந்துக்கிட்டு ஏன் தமிழ்ல சொல்லித் தர்றே?

பிள்ளைகளுக்குக் கன்னடத்திலும் சொல்கிறேன். தெருவில் தெலுங்கு, உருது பேசுகிற வீடுகள் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகளும் வருகிறார்கள். கன்னடம் எனக்கு ஊர் மொழி, பள்ளியில் படித்த மொழி. சண்டைக்கு இதில் இடமே இல்லை. அல்சூர் ஏரிப் பக்கம் 18 வருடம் மூடியே கிடந்த வள்ளுவர் சிலை 2009-ல் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் கன்னடக் கவி சர்வஞ்ஞருக்குச் சிலை வைத்தார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

இதைத் தமிழில் எழுதக் காரணம், கேள்வி கேட்டவர்கள் தமிழில் கேட்டார்கள். பாட்டிக்கு மதிப்பெண்ணும் எல்லையும் அவர் மொழியில் புரிந்ததால்தான் அடுத்த மாதம் கடையில் ‘பதிவேட்டுல எழுதுப்பா’ என்று நின்று கேட்டார்.

வகுப்புக்கு வர என்ன கொண்டு வரணும்?

நோட்டு, பென்சில். லேப்டாப் வேண்டாம், இரண்டு இருக்கிறது, மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோம். வீட்டில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் கொண்டு வா. முதல் வகுப்பில் பழைய கம்ப்யூட்டர் கேபினட் ஒன்றைப் பிரித்து, கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். எது, எது ராம், காசு மாதிரி இருக்கிற அந்தப் பேட்டரி எதற்கு என்று பார்ப்போம். பிரித்ததைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வீங்கிப்போன பழைய போன் பேட்டரியை மட்டும் கொண்டு வராதே, அது தீப்பிடிக்கும். அதைக் குப்பையிலும் போடாதே, மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பிப்போம். மழையில் கரண்ட் போனாலும் வகுப்பு உண்டு, அன்றைக்குப் பேப்பரில் பப்பிள் சார்ட்.